ஆறு மாதத்தில் இரு தீர்ப்புகள்: வாக்காளர் வருந்துகிறாரா?

வடாலா (மும்பை): மும்பை வடாலா பகுதி மக்கள் 2024-ஆம் ஆண்டில் இருமுறை வாக்குச்சாவடிக்குச் சென்றனர். மே 20-ஆம் தேதி மக்களவைக்கு. நவம்பர் 20-ஆம் தேதி சட்டப் பேரவைக்கு. இடைவெளி சரியாக ஆறு மாதம். முதல் தேர்தலில், வடாலாவை உள்ளடக்கிய மும்பை தென்மத்தியத் தொகுதி, உத்தவ் தாக்கரே தலைமையிலான சிவசேனையின் அனில் தேசாயைத் தில்லிக்கு அனுப்பியது. இரண்டாவது தேர்தலில் வடாலா, எதிர் அணியைச் சேர்ந்த பாஜகவின் காளிதாஸ் கோளம்ப்கரைப் பேரவைக்கு அனுப்பியது.

மாநிலம் முழுவதும் இதே கதைதான். மே மாதத் தேர்தலில் மகாராஷ்டிரத்தின் 48 இடங்களில் காங்கிரஸ், உத்தவ் சிவசேனை, சரத் பவார் கட்சி ஆகியவற்றின் கூட்டணி 30 இடங்களை வென்றது. நவம்பரில் பாஜக, ஏக்நாத் ஷிண்டே சிவசேனை, அஜித் பவார் கட்சி ஆகிய மூன்றும் சேர்ந்து 288 பேரவை இடங்களில் 230-ஐக் கைப்பற்றின. மே மாதம் வென்ற கூட்டணியின் மூன்று முக்கியக் கட்சிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தவை 46 இடங்கள்.

மே மாதத் தீர்ப்புக்காக மக்கள் நவம்பரில் வருந்தினர் என்றது வென்ற அணி. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றது தோற்ற அணி. தாம் அளித்த வாக்குக்காக வாக்காளர் உண்மையிலேயே வருந்துகிறாரா, அப்படி வருந்தினால் அதை எங்கே சொல்கிறார் என்ற கேள்விக்கு இவ்விரு விளக்கங்களும் விடையாகா. நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டுள்ள ஒரு மசோதா, இந்தக் கேள்வியை வெறும் ஆராய்ச்சி விஷயமாக இருக்க விடவில்லை.

பிரிட்டன் தரும் பாடம்

வாக்காளரின் வருத்தம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் முதலில் காட்டப்படுவது பிரிட்டன். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23-ஆம் தேதி அந்நாட்டு மக்களிடம் கேட்கப்பட்டது. விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம், நீடிக்க வேண்டும் என்றவர்கள் 48.1 சதவீதம். அண்மை ஆண்டுகளின் கருத்துக் கணிப்புகளில், அந்த முடிவு தவறு என்பவர்களே தொடர்ந்து அதிகமாக உள்ளனர்.

ஆனால் கணிப்புகளின் உள்ளே நுழைந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. விலக வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் தம் வாக்கு தவறு என்று இன்றும் சொல்வதில்லை. சிலர் மனம் மாறினர். அன்று வாக்களிக்காதவர்களும், அன்று வாக்குரிமை வயதை எட்டாத இளைஞர்களும் பெருமளவில் மறுபக்கம் சேர்ந்தனர். முதியவர்கள் பலர் மறைந்தனர். நாட்டின் மனம் மாறியது. வாக்களித்த மனிதர்களின் மனம் அந்த அளவுக்கு மாறவில்லை. மாறியவர்களுக்கும் அதைப் பதிவு செய்ய இன்னொரு வாக்குச்சீட்டு தரப்படவில்லை. ஒரே ஒரு முறை கேட்கப்படும் கேள்விக்கு உள்ள இயல்பு அது.

பூவும் இரட்டை இலையும்

இந்திய அரசியல் சட்டத்தில் பொது வாக்கெடுப்புக்கு இடமில்லை. ஆயினும் சில சிறப்புச் சூழல்களில் அது நடந்திருக்கிறது. அவற்றுள் மும்பைக்கு மிக நெருக்கமானது, 1967 ஜனவரி 16-ஆம் தேதி கோவாவில் நடந்த வாக்கெடுப்பு. மகாராஷ்டிரத்துடன் இணைவதா, மத்திய ஆட்சிப் பகுதியாகத் தனித்திருப்பதா என்பது கேள்வி. இதற்கென நாடாளுமன்றம் 1966-இல் தனிச்சட்டம் இயற்றியது. இணைப்புக்குப் பூவும், தனித்திருப்பதற்கு இரட்டை இலையும் சின்னங்களாயின. அதிமுக பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே இரட்டை இலை இப்படியொரு தீர்ப்பைச் சுமந்தது.

இந்த வாக்கெடுப்புக்கு முன்கதை உண்டு. 1963 டிசம்பரில் நடந்த கோவாவின் முதல் தேர்தலில், இணைப்பை முழக்கமாகக் கொண்ட மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. தயானந்த் பந்தோட்கர் முதல்வரானார். இணைப்புக்கு மக்கள் ஒப்புதல் தந்துவிட்டனர் என்று அக்கட்சி வாதிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் தனியே பிரித்துக் கேட்டபோது 1,72,191 பேர் இரட்டை இலைக்கும் 1,38,170 பேர் பூவுக்கும் வாக்களித்தனர். இணைப்பு 34,021 வாக்குகளில் தோற்றது. மும்பையில் வாழ்ந்த கோவா மக்களுக்கு அதில் வாக்களிக்கும் வாய்ப்பு வழங்கப்படவில்லை.

அடுத்து நடந்ததுதான் அரசியல் கணக்கர்களைத் திகைக்க வைத்தது. இரண்டே மாதங்கள் கழித்து நடந்த பேரவைத் தேர்தலில் அதே மக்கள் பந்தோட்கரின் கட்சியையே மீண்டும் ஆட்சியில் அமர்த்தினர். இணைப்பை நிராகரித்ததற்காக அவர்கள் வருந்தினர் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. இணைப்புக் கோரிக்கை அதன்பின் உயிர்பெறவே இல்லை. 1987 மே 30-ஆம் தேதி கோவா தனி மாநிலமாயிற்று. எந்த மண்ணோடு இருப்பது என்பது ஒரு கேள்வி; யார் ஆள்வது என்பது இன்னொரு கேள்வி. மக்கள் இரண்டுக்கும் தனித்தனியே விடை சொன்னார்கள்.

சிக்கிமில் நிகழ்ந்தது வேறு. 1975 ஏப்ரல் 14-ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் மன்னராட்சியை ஒழித்து இந்தியாவுடன் இணைய 59,637 பேர் ஆதரவாகவும், 1,496 பேர் மட்டுமே எதிராகவும் வாக்களித்ததாக அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1979 அக்டோபர் தேர்தலில், இணைப்பை முன்னின்று நடத்திய காஜி லெண்டுப் தோர்ஜியின் கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. இணைப்பைக் குறைகூறிப் பிரசாரம் செய்த நர் பகதூர் பண்டாரி முதல்வரானார். வாக்கெடுப்பின் முடிவை மாற்ற அவராலும் இயலவில்லை. அதற்கு அவர் முயலவும் இல்லை. வருத்தம் இருந்திருந்தால் அது முடிவைத் தொடவில்லை. முடிவெடுக்க வைத்தவரைத் தொட்டது.

விளக்கும் குடமும்

பொது வாக்கெடுப்பே அடுத்த வாக்குச்சீட்டைப் பறித்துக்கொண்ட நிகழ்ச்சியும் தமிழர்கள் நன்கறிந்த வரலாற்றில் உண்டு. இலங்கையில் 1977-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டிக்க, 1982 டிசம்பர் 22-ஆம் தேதி ஜெயவர்த்தனே அரசு வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவுக்கு விளக்கு, எதிர்ப்புக்குக் குடம். விளக்குக்கு 31,41,223 வாக்குகளும், குடத்துக்கு 26,05,983 வாக்குகளும் விழுந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் குடத்துக்கு வாக்களித்தனர்.

அடுத்த ஜூலையில் கொழும்பு எரிந்தது. ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தத்தின் விளைவாகத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தனர். விளக்குக்கு வாக்களித்தவர்களில் எத்தனை பேர் பின்னர் வருந்தினர் என்பதை அளக்க வழியே இல்லாமல் போயிற்று. அதை அளக்க வேண்டிய தேர்தலைத்தான் அந்த வாக்கெடுப்பு ஒத்திவைத்துவிட்டதே! அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் நடந்தது. அதற்குள் வடக்கிலும் தெற்கிலும் துப்பாக்கிகள் பேசத் தொடங்கி ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

வடாலாவின் கணக்கு

இந்தப் பின்னணியில் வடாலாவைப் பார்க்க வேண்டும். மும்பைத் துறைமுக ரயில் பாதையில் பன்வேல் நோக்கிச் செல்லும் தடமும், பாந்திரா வழியாக அந்தேரி நோக்கிச் செல்லும் தடமும் பிரிவது வடாலா சாலை நிலையத்தில்தான். அரசியலிலும் இத்தொகுதி ஒரே நேரத்தில் இரு தடங்களில் ஓடுகிறது.

மக்களவைத் தொகுதியை முதலில் பார்க்கலாம். 2019-இல் பிளவுபடாத சிவசேனையின் வேட்பாளராக, பாஜக கூட்டணியில் ராகுல் ஷெவாலே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் இங்கு வென்றார். 2022-இல் கட்சி உடைந்தபோது அவர் ஷிண்டே பக்கம் சென்று, அந்த அணியின் மக்களவைத் தலைவரானார். 2024 மே தேர்தலில் அனில் தேசாய் 3,95,138 வாக்குகள் பெற்று, 3,41,754 வாக்குகள் பெற்ற ஷெவாலேயை 53,384 வாக்குகளில் தோற்கடித்தார். கட்சி மாறியவருக்கு மக்கள் தந்த தண்டனை என்று அது வருணிக்கப்பட்டது.

அப்படியானால் கோளம்ப்கரை என்ன சொல்வது? 1990 முதல் சிவசேனையின் உறுப்பினராக நய்காவ் தொகுதியில் வென்று வந்தவர் அவர். நாராயண் ராணேயுடன் 2005-இல் காங்கிரஸில் சேர்ந்தார். தொகுதிச் சீரமைப்புக்குப் பின் 2009-இலும், 800 வாக்குகள் வித்தியாசத்தில் 2014-இலும், வடாலாவில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். 2019-இல் பாஜகவுக்கு வந்து மீண்டும் வென்றார். 2024 நவம்பரில், உத்தவ் சிவசேனையின் ஷ்ரத்தா ஜாதவைத் தோற்கடித்து, இடைத்தேர்தல் உட்பட ஒன்பதாவது முறையாகப் பேரவைக்குச் சென்றார். கட்சி மாறுவதை வடாலா மன்னிப்பதில்லை என்றால் இவர் என்றோ வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்.

தென்மத்தியத் தொகுதிக்குள் அடங்கிய ஆறு பேரவைத் தொகுதிகளும் நவம்பரில் ஒரே திசையில் போகவில்லை. வடாலாவும் சயான் கோலிவாடாவும் பாஜகவைத் தேர்ந்தெடுத்தன. கோலிவாடாவில் தமிழரான கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் மூன்றாம் முறையாக வென்றார். செம்பூர் ஷிண்டே சிவசேனைக்கும், அணுசக்தி நகர் அஜித் பவார் கட்சிக்கும், மாகிம் உத்தவ் சிவசேனைக்கும் போயின. தாராவி காங்கிரஸின் ஜோதி கெய்க்வாட்டைத் தேர்ந்தெடுத்தது. ஆறு மாதங்களுக்கு முன் ஒரே உறுப்பினரை அனுப்பிய மக்கள், ஐந்து கட்சிகளுக்கு ஆறு இடங்களைப் பகிர்ந்தளித்தனர்.

தாராவியின் நிலை இதில் தனித்துப் பேசத்தக்கது. அதானி குழுமத்தின் பங்கேற்புடன் நடைபெறும் தாராவி மறுசீரமைப்புத் திட்டம், 2024-இன் இரு தேர்தல்களிலும் மும்பையின் முக்கிய விவாதப் பொருளாக இருந்தது. ஆட்சிக்கு வந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்வோம் என்றது உத்தவ் சிவசேனை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று மூன்று, நான்கு தலைமுறைகளாக அங்கு வாழும் தமிழர்களுக்கு, வீடு எங்கே கிடைக்கும், தகுதிப் பட்டியலில் பெயர் இருக்குமா என்பதே தேர்தல் பிரச்சினை. தாராவி இருமுறையும் எதிரணியின் பக்கமே நின்றது. மாநிலம் மறுபக்கம் சாய்ந்தது, திட்டம் தொடர்ந்தது. தாராவி வாக்காளருக்கு இதில் ஏமாற்றம் இருக்கலாம், வருந்த ஏதுமில்லை. ஏமாற்றத்தையும் வருத்தத்தையும் ஒன்றாகக் கொள்வது கருத்துக் கணிப்பாளர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

மாறியது மனமா, கூட்டமா?

ஆறு மாதங்களில் மகாராஷ்டிரம் திசை மாறியதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. மக்களவைத் தேர்தலில் தோற்ற கையோடு, 2024 ஜூன் மாத இறுதியில், தகுதியுள்ள பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் வழங்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. பேரவைத் தேர்தலுக்கு முன்பே பணம் வங்கிக் கணக்குகளுக்குச் சென்றுவிட்டது. வாக்களித்தோர் விகிதமும் மக்களவைத் தேர்தலில் சுமார் 61 சதவீதமாக இருந்து, பேரவைத் தேர்தலில் 66 சதவீதமாக உயர்ந்தது. வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 9.3 கோடியிலிருந்து 9.7 கோடியானது. இந்தச் சேர்க்கையில் முறைகேடு நடந்ததாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. தேர்தல் ஆணையம் அதைத் திட்டவட்டமாக மறுத்தது.

அந்தச் சர்ச்சையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று தெளிவு. மே மாதம் வாக்களித்த கூட்டமும், நவம்பரில் வாக்களித்த கூட்டமும் முழுவதும் ஒன்றல்ல. பிரிட்டனில் எட்டாண்டுகளில் நிகழ்ந்ததைப் போன்ற மாற்றம் இங்கு ஆறு மாதங்களில், சிறிய அளவில் நிகழ்ந்தது.

இன்னொன்றும் உண்டு. மே மாதம் வாக்களித்தபோது மத்தியில் யார் ஆட்சி அமைப்பார், அரசியல் சட்டம் என்னவாகும் என்ற கவலைகள் மேலோங்கி இருந்தன. நவம்பரில் அந்த விடைகள் தெரிந்துவிட்டன. பாஜக தனிப்பெரும்பான்மை இழந்து 240 இடங்களுடன் கூட்டணி ஆட்சி நடத்துவதை மக்கள் கண்டுவிட்டனர். முதல் தீர்ப்பின் விளைவைப் பார்த்தபின் அளிக்கப்பட்டது இரண்டாவது தீர்ப்பு.

தமிழக வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் திமுக - காங்கிரஸ் அணி தமிழகத்தின் 39 இடங்களில் 37-ஐ வென்றது. ஆளும் அதிமுகவுக்குக் கிடைத்தவை இரண்டே. இதையே மக்கள் தீர்ப்பாகக் காட்டி, பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதம் நடந்த பேரவைத் தேர்தலில் அதே மக்கள் அதிமுகவுக்கு 129 இடங்களைத் தந்து எம்.ஜி.ஆரை மீண்டும் முதல்வராக்கினர். ஜனவரியில் இந்திராவுக்கு வாக்களித்ததற்காக அவர்கள் வருந்தவில்லை. அந்த வாக்கை எம்.ஜி.ஆருக்கு எதிரான ஆயுதமாக்கியதை ஏற்கவில்லை.

மும்பை அந்த 1980-இல் வேறு பாடம் சொன்னது. நெருக்கடி நிலை மீதான பொது வாக்கெடுப்பாகவே கருதப்பட்ட 1977 தேர்தலில் மும்பையின் ஆறு இடங்களிலும் காங்கிரஸ் தோற்றது. மூன்றாண்டுகளில் ஜனதா ஆட்சி கவிழ்ந்து, 1980-இல் நாடு 353 இடங்களுடன் இந்திரா காந்தியைத் திரும்ப அழைத்தபோது, மும்பை ஆறில் ஐந்து இடங்களை அப்போதும் ஜனதாவுக்கே தந்தது. நாடு மனம் மாறியது, மும்பை மாறவில்லை.

அவையின் முன்னுள்ள கேள்வி

மக்களவைக்கும் பேரவைகளுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்த வழிசெய்யும் அரசியல் சட்ட (129-வது திருத்த) மசோதா, 2024 டிசம்பர் 17-ஆம் தேதி மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது. அறிமுகத்துக்கே வாக்கெடுப்பு கோரப்பட்டு, ஆதரவாக 269 பேரும் எதிராக 198 பேரும் வாக்களித்தனர். மசோதா நிறைவேற, வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவை. பி.பி. சௌத்ரி தலைமையிலான கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு அது அனுப்பப்பட்டது. குழுவுக்கான கால அவகாசம் பின்னர் ஒருமுறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு 2024 மார்ச்சில் அளித்த பரிந்துரைகளே இதற்கு அடிப்படை.

மசோதாவுக்கு ஆதரவான வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அடுத்தடுத்துத் தேர்தல்கள், அவற்றின் செலவு, நடத்தை விதிகளால் தடைபடும் பணிகள், பணியிடங்களை விட்டுச் செல்ல நேரும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் என்று பட்டியல் நீளும். 1967 வரை பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் தேர்தல் நடந்தது என்பதும் உண்மை. ஒரே நாளில் வாக்களித்தாலும் மக்கள் பிரித்தறிந்தே வாக்களிப்பர் என்பதற்கு ஒடிஷாவைக் காட்டுகின்றனர். 2019-இல் அங்கு பேரவையில் பிஜு ஜனதா தளத்துக்கு 112 இடங்களைத் தந்த மக்கள், மக்களவையின் 21 இடங்களில் எட்டை பாஜகவுக்குத் தந்தனர். மறுபுறம், 1999 முதல் 2014 வரையிலான தேர்தல்களை ஆராய்ந்த ஐ.டி.எஃப்.சி. நிறுவனம், ஒரே நேரத்தில் தேர்தல் நடந்தால் இரண்டுக்கும் ஒரே கட்சியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 77 சதவீதம் என்றும், ஆறு மாத இடைவெளியில் அது 61 சதவீதமாகக் குறைகிறது என்றும் கூறியது.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத வேறுபாடு ஒன்று உண்டு. ஒடிஷா வாக்காளர் செய்தது இரு கேள்விகளுக்கு ஒரே நாளில் இரு விடைகள் சொன்னது. 1980-இல் தமிழகமும் 2024-இல் வடாலாவும் செய்தது, முதல் விடையின் விளைவைக் கண்டபின் இரண்டாவது விடையைச் சொன்னது. முன்னதற்கு அறிவு போதும். பின்னதற்குக் காலம் வேண்டும். ஒரே நாளில் இரண்டு பொத்தான்களை அழுத்துபவருக்கு அந்தக் காலம் கிடைக்காது.

தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கும் உரிமை இந்திய வாக்காளருக்கு மக்களவையிலோ பேரவையிலோ கிடையாது. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1974-இல் அதைக் கோரினார். அதே ஆண்டு சி.கே. சந்திரப்பன் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் நிறைவேறவில்லை. எனவே மத்தியில் அளித்த தீர்ப்பை மாநிலத்திலும், மாநிலத்தில் அளித்த தீர்ப்பை மாநகராட்சியிலும் திருத்திக்கொள்வதே மக்கள் கண்டுகொண்ட வழி. அந்த வழியும் எப்போதும் திறந்திருக்கவில்லை. மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தபின், ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தேர்தலின்றி நிர்வாகியின் பொறுப்பில் நகரம் இருந்தது. 2026 ஜனவரியில் ஒருவழியாகத் தேர்தல் நடந்தபோது, 227 வார்டுகளில் பாஜக - ஷிண்டே அணி 118-ஐ வென்றது. நவம்பர் தீர்ப்புக்காக மும்பை வருந்தவில்லை என்பதை அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

வருந்தியிருந்தாலும் அதே வழியில்தான் தெரிந்திருக்கும். வாக்காளரின் மனத்தை அளக்க இந்த நாட்டில் இன்னொரு தேர்தலைத் தவிர வேறு கருவி இல்லை. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் அந்தக் கருவியை அவர் கையில் கொடுத்தால் மிச்சமாகும் பணம் எவ்வளவு என்பதை அரசு கணக்கிட்டுச் சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் அவர் சொல்ல நினைப்பது எங்கே போய்ச் சேரும் என்பதையும் கூட்டுக் குழு கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.